எஞ்சின் சூட்டில் காய்ந்த மீன்

அந்த அக்டோபர் முழுக்க எங்கள் ஸ்கார்வோய் தீவில் துணி காயப்போட்டவர்கள் எல்லாரும் முகர்ந்து பார்த்துத்தான் மடித்து வைத்தார்கள். தென்மேற்குக் காற்று திரும்பினால் போதும், கரிந்த பெயின்ட் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். துறையில் 'ஹவ்சூலா' என்ற மீன்பிடிக் கப்பல் கட்டிக் கிடந்தது. முன்பக்கத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளை மேனியும் நீலக்கோடும் அப்படியே இருந்தன. பின்பக்கம் போனால் புகைபோக்கி கறுத்து, பெயின்ட் தோல் உரிந்த மாதிரிச் சுருண்டு தொங்கும்.

ஹல்டிஸ் வீட்டுச் சமையலறை ஜன்னல் நேரே அதைத்தான் பார்த்தது. எட்டுப் பேர் வேலை பார்த்துப் பிழைத்த அந்தக் கப்பல் அவள் புருஷன் தோர்லைவினுடையது. அதற்குப் பேர் சூட்டியது அவள் மாமனார். அன்று காலை அவள் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் அடுக்கடுக்காய்ப் பெரிய பானையில் போட்டு, முழுமிளகைத் தூவி, அடுப்பைச் சிறிதாக வைத்தாள். கப்பலைப் பார்வையிட இன்சூரன்ஸ் சங்கத்து சர்வேயர் வருகிறார். சர்வேயருக்குச் சாப்பாடு கப்பல்காரர் வீட்டில்தான். எங்கள் பக்கம் அது எழுதாத சட்டம்.

"சர்வேயர் ஐலிவ் காலைப் படகுலயே வந்துடுவாரு," என்றான் தோர்லைவ். பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"என்கிட்ட ஏதாச்சும் கேட்டாருன்னா?"

"உன்கிட்ட எதுக்குக் கேக்கப் போறாரு? எஞ்சின் அறையில உனக்கு என்ன சோலி?"

எஞ்சின் அறையில் அவளுக்கு என்ன சோலி என்பது இருவருக்கும் தெரியும்.

ஹாலிபட் என்று ஒரு மீன், ஆழக்கடலில் கதவு அகலத்துக்குத் தட்டையாய் வளர்வது. கொழுப்பு மிகுந்தது. அதைக் கீற்றுக் கீற்றாய் அரிந்து, உப்பில் ஊறவைத்து, காயவைத்துத் தின்றால் வாயில் வெண்ணெய் கரைகிற மாதிரி இருக்கும். வெளியே கட்டினால் எங்கள் மழை அதைக் காயவிடாது, நாற விட்டுவிடும். அதனால் 'ஹவ்சூலா'வில் எஞ்சினுக்கு மேலே, புகைக்குழாய் வளைகிற இடத்தில், ஒரு வரிசைக் கொக்கி. எஞ்சின் ஓட ஓட மீன் காயும். ஜெபவீட்டுப் பெண்கள் சங்கம் மிஷனுக்குப் பணம் திரட்ட இலையுதிர் காலத்தில் நடத்தும் சந்தையில் முதலில் தீர்ந்துபோவது ஹல்டிஸின் கீற்றுப் பொட்டலம்தான். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு மிதப்பு இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே இருந்தது.

போன வருஷம் கீற்று நடுவில் ஈரம் நின்றுவிட்டது. சங்கத் தலைவி அஸ்லாவ்க் ஒன்றைக் கடித்துவிட்டு, "என்ன ஹல்டிஸ், உன் எஞ்சினுக்கும் வயசாயிடுச்சா?" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஹல்டிஸுக்கு அது முள்ளாய்த் தைத்தது. வீட்டுக்கு வந்து தோர்லைவை விடவில்லை. "சூடு பத்தல. இன்னும் சூடு வேணும். ஏதாச்சும் பண்ணேன்," என்று நாளெல்லாம் நச்சரித்தாள். அவன் போய், சூடான புகைக்குழாயைச் சுற்றியிருந்த, சூடு தாங்கும் பஞ்சுப் போர்வையின் மேல்தகரத்தை, கொக்கிக்கு நேர்கீழே இருந்த வளைவில் மட்டும் கழற்றிவிட்டான். சூடு நன்றாக மேலே ஏறியது. மீன் நன்றாகக் காய்ந்தது. மீனின் கொழுப்பு மட்டும் சொட்டுச் சொட்டாய் அந்தப் பஞ்சில் இறங்கிக்கொண்டே இருந்தது.

மீன் பிடிக்கும் கடல்திட்டிலிருந்து எதிர்காற்றில் எஞ்சினை முடுக்கிக்கொண்டு வரும்போதுதான் தீ. எஞ்சின்காரன் ரிமாந்தாஸ், லித்துவேனியா நாட்டுக்காரன், நாலைந்து வருஷமாய் இவர்களோடு இருப்பவன், புகைக்குள் இறங்கி டீசல் வால்வை மூடிவிட்டு வந்தான். உள்ளங்கைத் தோல் வால்வுச் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் கதவுகளை அடைத்து அணைப்பு வாயுவைத் திறந்துவிட்டார்கள். வேறு கப்பல் வந்து இழுத்துக்கொண்டு வந்தது.

துறையில் கூடி நின்றவர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றபோது தோர்லைவ் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "முந்தின நாள் அவன்தான் டீசல் பில்டரை மாத்தினான்." அது பொய்யில்லை. மாற்றினான்தான். மிச்சத்தை ஊர் சொல்லிக்கொண்டது. போல்டைச் சரியாக முடுக்கவில்லையாம், குடித்திருந்தானாம், அந்த ஊர்க்காரர்களே அப்படித்தானாம். கடையில் கல்லாவில் உட்காரும் தோர்லைவின் தங்கை பெர்கிட், "அவனுங்க கையில எதைக் குடுத்தாலும் உருப்படாது, என்ன அண்ணி?" என்றபோது, ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருந்த ஹல்டிஸ், "இருக்கும்," என்றாள்.

இருக்கும். அந்த ஒரு சொல்லை அவள் அதற்குப் பிறகு எத்தனை தரம் வாய்க்குள் புரட்டியிருப்பாள்! துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

தோர்லைவ் அவளிடம் விளக்கியிருந்தான். "வேலைக்காரன் கை தவறினா இன்சூரன்ஸ் சங்கம் பணத்தைக் குடுத்துடும். கப்பல்காரன் தெரிஞ்சே செஞ்ச தப்புன்னா கையை விரிச்சுடும். கப்பல் போனா எட்டு வீடு போச்சு. அவன் வீடும் சேத்துத்தான்." கேட்பதற்கு நியாயம் போலவே இருந்தது.

கப்பலில் மின்சாரம் இல்லாததால் அதன் அடுப்பும் குளிர்ந்து கிடந்தது. ஹல்டிஸ் தெர்மாசில் காபி ஊற்றிக்கொண்டு, மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு துறைக்கு இறங்கினாள். எஞ்சின் அறையின் இரும்பு ஏணியில் பின்பக்கமாய்க் கால் வைத்து இறங்க இறங்க, ஈரக்கரியின் வாடை தொண்டையைப் பிடித்தது. கீழே மூன்று கைவிளக்குகள். சர்வேயர் ஐலிவ் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தார். வயசு அறுபதைத் தாண்டியவர், பாட்டுக்குழுவில் அடித்தொண்டையில் பாடுகிறவர். பக்கத்தில் தோர்லைவ். சற்றுத் தள்ளி, இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு, குழந்தையை ஏந்துகிற மாதிரி அவற்றை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ரிமாந்தாஸ்.

"வாங்க வாங்க, ஹல்டிஸ். காபியா? இந்தக் குகையில கடவுளைக் கண்ட மாதிரி," என்றார் ஐலிவ். "கம்பியைத் தொடாதீங்க, கையெல்லாம் கரியாயிடும்."

அவர் டீசல் பில்டருக்கு விளக்கைக் காட்டினார். "எரிஞ்ச கப்பல்ல எனக்குப் பிடிச்சது எரியாத இடம்தான். அது பொய் சொல்லாது. இதோ பாருங்க தோர்லைவ், மூடியில பச்சைப் பெயின்ட் அப்படியே இருக்கு. இங்கேருந்து டீசல் பீச்சியிருந்தா இது மிஞ்சியிருக்குமா? போல்டும் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு." ரிமாந்தாஸ் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் முடுக்கியிருக்கீங்க."

ரிமாந்தாஸ் தலையை மட்டும் அசைத்தான். ஹல்டிஸுக்கு நெஞ்சு ஒரு கணம் லேசானது. மறுகணமே விளக்கு வெளிச்சம் மேலே நகர்ந்தது.

"ஆனா இங்க பாருங்க. இரும்பு வெளுத்திருக்கு. தீ பொறந்தது இங்கதான். மத்த எடமெல்லாம் தகரம் இருக்கு, இந்த வளைவுக்கு மட்டும் எங்க?"

"ரிப்பேருக்குக் கழட்டினது," என்றான் தோர்லைவ்.

"எப்ப?"

"கொஞ்ச நாளாச்சு."

"இந்தக் கொக்கிங்க?"

எங்கோ தண்ணீர் சொட்டியது. ஹல்டிஸ் தெர்மாஸ் மூடியைத் திருகினாள், திரும்பவும் அவிழ்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். நாலே வார்த்தை.

"என் சாக்ஸ்," என்றான் ரிமாந்தாஸ்.

ஐலிவ் திரும்பினார்.

"என் சாக்ஸ் நான் காயப்போட்டேன். கையுறையும். தகரம் நான் எடுத்தேன். சூடு வேணும்னு." மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவன் போல, ஒவ்வொரு வார்த்தையாய்.

"இத்தனை கொக்கியிலயுமா? உங்களுக்கென்ன பூரான் காலா?"

"கடல்ல எப்பவும் ஈரம்," என்று ரிமாந்தாஸ் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அவன் பார்வை ஹல்டிஸ் மேல் பட்டு, உடனே விலகியது.

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் வியப்பே இல்லை. முந்தாநாள் சாயங்காலம், "அவன் கை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்," என்று போய் நெடுநேரம் கழித்து வந்தானே, அது எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கிற்று.

ஐலிவ் கத்தியால் கருகிய பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, தகர டப்பாவில் போட்டார். மூடுமுன் மூக்கருகே கொண்டுபோனார். "சாயங்காலம் நீங்க சொன்னதை எழுதி வெக்கிறேன், வந்து கையெழுத்து போட்டுட்டுப் போங்க," என்றார் ரிமாந்தாஸிடம். "கட்டுக்கு மேல எழுத வருமா?"

"வரும்."

மத்தியானச் சாப்பாட்டுக்கு பெர்கிட்டும் வந்துவிட்டாள். கடைக்கு இடைவேளையாம். சேதி தெரியாமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். கறி பஞ்சாய் வெந்திருந்தது. உருளைக்கிழங்கு ஆவி பறந்தது. ஐலிவ் தட்டை நிரப்பிக்கொண்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்த எஞ்சின்காரரையும் கூப்பிட்டிருக்கலாமே?"

ஒவ்வொரு பயணம் முடிந்தும் அவன் இந்த மேசையில் சாப்பிடுகிறவன்தான். இன்று ஹல்டிஸ் அவனுக்குத் தட்டு வைக்கவில்லை. கூப்பிட நினைக்கவே இல்லை என்று கூட அவளால் சொல்ல முடியாது. நினைத்தாள். விட்டுவிட்டாள்.

"கையில்லாத ஆளுக்கு யாரு ஊட்டுறதாம்?" என்று பெர்கிட் சிரித்தாள். "சாக்ஸாமே! கடையில எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. எங்கண்ணன் கப்பலைக் கொளுத்திட்டு, சாக்ஸ் காயப்போட்டேன்கிறான். அவன் ஊர்ல வெயிலே கெடையாதா?"

"நம்ம ஊர்ல மட்டும் கொட்டிக் கெடக்கோ?" என்றார் ஐலிவ். ஜன்னலில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

"அய்ய, நீங்க அவன் கட்சியா? இருங்க, உங்க வாயை அடைக்கிறேன்." பெர்கிட் எழுந்து, இந்த வீட்டில் எது எங்கே என்று அறிந்தவளாய், சாமான் அறைக்குள் போனாள். ஹல்டிஸ் பாதி எழுந்தாள். அதற்குள் அவள் பொட்டலத்தோடு வந்துவிட்டாள். "எங்க அண்ணி கைப்பக்குவம். அரிஞ்சு வெச்ச கடைசிப் பொட்டலம், சந்தைக்குன்னு ஒளிச்சு வெச்சிருக்கா. கடையில விக்கிறதெல்லாம் இதுக்கு முன்னால செருப்புத்தோல். அந்த லேசான எஞ்சின் வாசனை இருக்கே, அதான் இதுக்கு ருசி!"

சொல்லி முடித்த பிறகும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஒரு கீற்றை எடுத்து சர்வேயர் தட்டில் வைத்தாள்.

ஐலிவ் அதைப் பார்த்தார். வாயில் போட்டு மெதுவாய் மென்றார். தோர்லைவ் தன் உருளைக்கிழங்கின் தோலை, உரித்த பிறகும் உரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கு," என்றார் ஐலிவ். "வருஷா வருஷம் உங்க சந்தையில நானும் வாங்குறேன். கார் ஓட்டிக்கிட்டே தின்னு தீத்துடுவேன், வீட்டுக்காரிக்குக்கூட மிச்சம் வெக்கிறதில்ல." மென்றதை விழுங்கினார். "எங்க காயவெப்பீங்க, ஹல்டிஸ்?"

மரியாதையாய், மெல்லத்தான் கேட்டார். அவள் விரல்கள் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டின.

"எஞ்சினுக்கு மேல," என்றாள். "சாக்ஸ் இல்ல ஐலிவ். மீனு. எல்லாம் என் மீனு. போன வருஷம் ஈரம் நின்னுபோச்சுன்னு அஸ்லாவ்க் கேலி பண்ணினா. சூடு பத்தலன்னு தோர்லைவை நான்தான் அரிச்செடுத்தேன். தகரத்தை அவன் கழட்டினது என் தொல்லை தாங்காமதான். ரிமாந்தாஸுக்கு இதுல ஒண்ணுமில்ல."

"ஹல்டிஸ்," என்றான் தோர்லைவ். அவ்வளவுதான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாய் இருந்திருக்கும்.

ஐலிவ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லாட்டியும் அந்த டப்பா சொல்லியிருக்கும். பஞ்சை மோந்தப்பவே வாசனை தெரிஞ்சுது. பரிசோதனைக்கு அனுப்பினா கொஞ்ச நாள்ல பதில் வந்துடும். ஆனா அதுக்குள்ள அவரு பொய்யில கையெழுத்து போட்டிருப்பாரு. அது தெரிஞ்சா அவரோட எஞ்சின் சான்றிதழைப் பிடுங்கிடுவாங்க. எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது." சற்று நிறுத்தி, தட்டைத் தள்ளி வைத்தார். "அது கெடக்கட்டும். ரெண்டு வருஷம் முன்ன இந்தக் கப்பலைச் சோதனை பண்ணினது நான். அன்னிக்கும் கீத்து தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. தகரத்து மேல கொழுப்பு மினுமினுன்னு ஓடியிருந்துச்சு. ஒண்ணைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டு ஏணி ஏறினேன். எழுதல. ருசியா இருந்துச்சு, எழுதல. இப்ப அதையும் சேத்துத்தான் எழுதணும்."

அவர் காது மடல் சிவந்திருந்தது.

"சங்கம் என்ன சொல்லும்?" என்று தோர்லைவ் கேட்டான்.

"குடுக்கிற பணத்தைக் குறைப்பாங்க. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமே இல்லேன்னு சொன்னாலும் சொல்லுவாங்க. நம்பிக்கை குடுத்துட்டுப் போக நான் பாதிரியார் இல்ல."

தோர்லைவ் எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவை அறையவில்லை. ஜன்னல் வழியே, மழையில், அவன் கப்பலின் முன்பக்கமாய்ப் போய் நின்றது தெரிந்தது. எரியாத பக்கம்.

பெர்கிட் தன் கையிலிருந்த கீற்றைப் பொட்டலத்துக்குள் திரும்ப வைத்து, மடித்து மடித்து மூடினாள். "நான் கடையில என்னென்னவோ பேசித் தொலைச்சேனே, அண்ணி."

"நானும் ஆமா போட்டேன்."

"வெளிய சொல்லாத. காயிதத்துல இருக்கட்டும், அது போதும். ஊருக்கு எதுக்கு? சந்தை வேற வருது."

ரிமாந்தாஸ் பழைய மீன்கூடத்தின் பின்னால் ஒரு அறையில் குடியிருந்தான். ஹல்டிஸ் மூடிபோட்ட பாத்திரத்தில் கறி எடுத்துக்கொண்டு போனாள். போகிற வழியெல்லாம் பாத்திரம் கனத்தது. கறியின் கனமில்லை அது. இவ்வளவு நாள் போகாத வெறுங்கையை மறைக்க அதைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்ற எண்ணம்தான்.

அவன் முழங்கையால் கதவைத் திறந்தான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நான் சொல்லிட்டேன், ரிமாந்தாஸ். சர்வேயர்கிட்ட. மீனுதான்னு."

அவன் முகம் மலரவில்லை. "ஏன் சொன்னீங்க?"

"நீ செய்யாததை..."

"நான் யோசிச்சுத்தான் சொன்னேன். என் சாக்ஸ்னா கப்பல் பொழைக்கும். கப்பல் பொழைச்சா எனக்கு வேலை. வசந்தத்துல என் மனைவி வர்றா, பொண்ணு வர்றா. இப்ப? கப்பலும் இல்ல, வேலையும் இல்ல. உங்க மனசு மட்டும் சுத்தம்."

அவளுக்குச் சுரீரென்றது. "பொய்யில கையெழுத்து போட்டிருந்தா உன் சான்றிதழ் போயிருக்கும். ஐலிவ் சொன்னாரு."

அவன் குனிந்து தன் கைக்கட்டுகளைப் பார்த்தான். "தோர்லைவ் அதைச் சொல்லல," என்றான்.

"அவனுக்குத் தெரியாம இருந்திருக்கும்," என்று சொல்ல வாயெடுத்தாள். இருக்கும் என்ற அந்தச் சொல் மறுபடி நாக்கில் வந்து நின்றது. சொல்லவில்லை.

"காயிதம் சரியாயிடும்," என்றான் அவன். "கடை? நான் உள்ள போறேன், பேச்சு நின்னுபோகுது. ரொட்டி எடுக்க முடியல, கை இல்ல. யாரும் எடுத்துத் தரல. கெஞ்சவும் எனக்கு வரல. ரெண்டு தடவை சும்மா திரும்பி வந்தேன்." கோட்டை எப்படியோ தோளில் ஏற்றிக்கொண்டான். "இப்ப கூட வாங்க."

"இப்பவா?"

"இப்பதான் கடையில ஆள் இருக்கும்."

அவள் பாத்திரத்தை வாசற்படியில் வைத்தாள். இருவரும் மழையில் நடந்தார்கள். அவன் கட்டு நனையாமல் இருக்க அவள் தன் குடையைச் சாய்த்துப் பிடித்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. இறங்கு பாதையில் எதிரே வந்த ஒருத்தி, இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வணக்கத்தைப் பாதியில் விழுங்கினாள்.

கடைக்கதவின் மணி அடித்தது. உள்ளே பேச்சு நின்றது. அவன் சொன்னது சரிதான், கத்தியால் நறுக்கினாற்போல நின்றது. தயிர் அலமாரிப் பக்கம் அஸ்லாவ்க் இன்னும் இரண்டு பெண்களோடு நின்றிருந்தாள். கல்லாவில் பெர்கிட். ஹல்டிஸின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஹல்டிஸ் ஒரு ரொட்டியை எடுத்துக் கல்லாவில் வைத்தாள். "இது அவருக்கு," என்றாள்.

"ஹல்டிஸ், நல்லவேளை வந்த," என்று அஸ்லாவ்க் சத்தமாய்க் கூப்பிட்டாள், நின்றுபோன பேச்சை இட்டு நிரப்புகிறவள் போல. "சந்தைக்கு எத்தனை பொட்டலம் தருவ? பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்கு ஒரு பெரிய பொட்டலம் தனியா எடுத்து வெச்சுடு."

"பொட்டலம் இல்ல, அஸ்லாவ்க்."

"ஏன், காயலையா?"

"காஞ்சுது. எஞ்சினுக்கு மேல தொங்கவிட்டுத்தான் காஞ்சுது. அதோட கொழுப்பு சொட்டித்தான் 'ஹவ்சூலா' எரிஞ்சுது. சூடு வேணும்னு கேட்டது நான். இவரு பில்டரைச் சரியாத்தான் முடுக்கியிருக்காரு. சாக்ஸும் கெடையாது. உள்ள போய் வால்வை அடைச்சதும் இவருதான். நீங்க பேசினப்ப எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் இருக்கும்னு சொன்னேன்."

அஸ்லாவ்க் தன் கையிலிருந்த பால் பெட்டியைப் பார்த்தாள். பெர்கிட் ரொட்டியைப் பையில் போட்டு, பையின் காதை அகலமாய் விரித்து, ரிமாந்தாஸின் முன்கையில் மாட்டிவிட்டாள். அவனைப் பார்க்காமல்தான் செய்தாள்.

கடையின் கோடியில், உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த கிழவர் ஓலாய் நிமிர்ந்தார். காது மந்தம் அவருக்கு.

"யாரு பேசினது? என்ன சொல்றா?"

ரிமாந்தாஸ் கதவருகே போய், வெளியேறாமல் நின்றான். ஹல்டிஸ் ஈரக்கோட்டோடு, அலமாரிகளுக்கு இடையே அத்தனை பேரையும் கடந்து கோடிக்கு நடந்துபோனாள். கிழவருக்கு எதிரே நின்று, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.